இளவேனில் தொடக்கத்தில் தீர்த்தன் ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்க அப்பாவை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்: எந்த வாரம் செல்வது, என்ன கொண்டு செல்வது?

கேள்வி: ஆற்றங்கரை மகள், சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு இப்போது 67 வயது. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் 24 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்; மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய் தரும் செம்பனை நட்ட பிறகு அதே தோட்டத்தில் குலை அறுக்கும் வேலைக்கு மாறினார்; ஓய்வு பெற்றதும் எங்களோடு டவுனுக்கே வந்துவிட்டார். தோட்டத்தில் இருந்த காலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவரைப் பிளஸ் ஆற்றங்கரையில்தான் தேட வேண்டும். மூங்கில் கோலில் தூண்டில் நரம்பைக் கட்டி, பழுத்த செம்பனைப் பழத்தை முள்ளில் குத்தி, கெலா மீனுக்காக மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். கெலா கிடைக்காத நாள்களில் தெங்காசோ செபாராவோ வீட்டுக்கு வரும்.

சென்ற ஆண்டு தொலைக்காட்சியில், இரு கரையிலும் பனி கிடக்கும் ஓடையில் ஒருவர் டிரவுட் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “அந்தத் தண்ணியில ஒரு தடவை கோல் போட்டுப் பார்க்கணும்” என்றார். அதன் பிறகு அதைப்பற்றி அவர் பேசவே இல்லை. தமக்கென்று எதையும் கேட்டுப் பழகாதவர் அவர் என்பதால், அந்த ஒரு வாக்கியம் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில் ஓடும் தீர்த்தன் ஆற்றில் டிரவுட் பிடிக்க அனுமதி உண்டு என்றும், நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை தடைக்காலம் என்றும், மார்ச் முதல் நாள் ஆறு திறக்கப்படுகிறது என்றும் படித்தேன். எனக்கு மார்ச் மாதத்துக்குள் பத்து நாள் விடுப்பு எடுக்க முடியும், ஏப்ரலில் முடியாது. ஆறு திறந்த முதல் வாரத்திலேயே போய்விடுவது நல்லதா, மாதக் கடைசியில் போவது நல்லதா? அப்பா வழக்கப்படி விடியற்காலையிலேயே ஆற்றுக்குக் கிளம்ப நினைப்பார், அது சரிவருமா? அவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்பதால், அந்தக் குளிர்ந்த நீரில் இறங்க விடலாமா என்ற கவலையும் இருக்கிறது. போய் வந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: கிந்தாக்காரன், ஈப்போ

தங்கைக்கு வணக்கம். தீர்த்தனுக்கு நான் இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை மார்ச் முதல் வாரம். இரண்டாம் முறை மார்ச் கடைசி வாரம். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கடைசி வாரத்துக்கே திட்டமிடுங்கள்.

முதல் பயணத்தில் நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவும் அதையே செய்யக் கூடும். நம் ஆறுகளில் பழகிய வழக்கப்படி இருட்டு விலகுவதற்குள் எழுந்து, ஆறரை மணிக்கெல்லாம் ஆற்றங்கரையில் நின்றேன். பத்து மணி வரை ஒரு மீன்கூடத் தொடவில்லை. விரல்கள் மரத்துப்போய் முடிச்சுப் போடவும் முடியாமல், மனம் வெறுத்துத் தங்குமிடத்துக்குத் திரும்பினேன். அந்த வீட்டுப் பெரியவர் தேநீர் கொடுத்துவிட்டு, வெயில் தண்ணீரில் விழுந்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு போகச் சொன்னார். அன்று பதினொன்றரை மணிக்குப் போய் மூன்று மணிக்குள் நான்கு மீன்களைப் பிடித்து, நான்கையும் திருப்பி விட்டேன். மறுநாளிலிருந்து வெப்பமானியை நீரில் வைத்துப் பார்த்தேன்: காலை ஏழு மணிக்கு 5 பாகை செல்சியஸ், பிற்பகல் இரண்டு மணிக்கு 9 பாகை.

இந்த நான்கு பாகை வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தைப் பின்பற்றியே ஏறி இறங்குகிறது. நீர் 5 பாகைக்கு அருகில் இருக்கும்போது டிரவுட்டுக்குச் செரிமானமே மிக மெதுவாக நடப்பதால், இரை தேடி அலைய வேண்டிய தேவை அதற்கு இருப்பதில்லை. ஆழமான குழிகளின் அடியில், நீரோட்டம் தன்னை இழுக்காத இடத்தில், அப்படியே நின்றுவிடும். 8, 9 பாகையைத் தாண்டும்போது அசையத் தொடங்கும். 10 முதல் 16 பாகை வரை நன்றாக இரை எடுக்கும். நம் ஊரில் வெயில் ஏறினால் மீன் ஒதுங்கும். அங்கே மார்ச் மாதத்தில் வெயில் ஏறினால்தான் மீன் வெளியே வரும்.

உங்கள் அப்பாவுக்கு இதைப் பால்வெட்டை வைத்தே விளக்கலாம். மரம் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடும் என்பதும், வெயில் ஏறினால் இலைகள் நீரை இழந்து ஓட்டம் குறைந்துவிடும் என்பதும் அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே கவனத்தோடு, நேரத்தை மட்டும் தலைகீழாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பதினொரு மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடித்துக்கொண்டால் போதும். இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது என்பதையும் மறக்க வேண்டாம். இங்கே ஐந்து மணிக்கு எழுந்து பழகியவருக்கு அங்கே இரண்டரை மணிக்கே விழிப்பு வந்துவிடும், பிறகு அந்தக் குளிரில் எட்டரை மணி நேரம் பொறுத்திருப்பது எளிதன்று.

முதல் வாரத்தில் போனால் இந்தப் பகல் நேரமும் சுருங்கிவிடும். பள்ளத்தாக்கு குறுகலானது, ஆற்றின் பல பகுதிகளுக்கு மலை நிழல் விலகி வெயில் வருவதே தாமதம். மேற்கிலிருந்து வரும் மழைக்காற்று மார்ச் தொடக்கத்தில் மழையையும் உயரப் பகுதிகளில் பனியையும் கொண்டுவரும். என் முதல் பயணத்தில் ஆறு நாள்களில் இரண்டு நாள் அறையிலேயே கழிந்தன. ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகோ பனி வேகமாக உருகி ஆறு பெருகத் தொடங்கும்; ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்கால வெள்ளத்தில் கலங்கிவிடும். ஆகவே நீர் தெளிவாகவும் அளவாகவும் இருந்து, வெயிலும் ஓரளவு கூடியிருக்கும் இடைவெளி மார்ச் பிற்பகுதியில்தான் வருகிறது. அந்த நாள்களிலும் மாலையில் கவனம் தேவை: பகலில் மேலே உருகிய பனிநீர் சில மணி நேரம் கழித்துக் கீழே வந்து சேரும்போது மட்டம் ஏறும்.

தங்குவதற்கு குஷைனி என்ற சிற்றூரைச் சுற்றிப் பாருங்கள். அது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கேமரன் மலையின் தானா ராத்தாவும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஆகவே உயரத்தால் மூச்சு வாங்குமோ என்ற அச்சம் வேண்டாம். ஒரே உயரத்தில் இருந்தும் அங்கே டிரவுட் வாழ்கிறது, இங்கே ஆறுகளில் இல்லை என்பதற்குக் காரணம், நாம் நிலநடுக்கோட்டின் அருகில் ஆண்டு முழுவதும் ஒரே வெப்பத்தில் இருப்பதும், தீர்த்தன் பனிமலையில் பிறந்து வருவதும்தான். குளிர்ந்த நீரில் உயிர்வளி அதிகமாகக் கரையும்: 10 பாகையில் லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம், 25 பாகையில் 8 மில்லிகிராம் அளவுதான். கெலாவுக்கு 25 பாகை வீடு. டிரவுட்டுக்கு அது மரணம்.

இந்த மீன் அந்த மலைக்குச் சொந்தமானதும் அன்று. ஸ்காட்லாந்திலிருந்து 1900ஆம் ஆண்டில் முட்டைகளாகக் கப்பலில் காஷ்மீருக்கு வந்து பொரிக்கப்பட்டு, அங்கிருந்து சில ஆண்டுகளுக்குள் குலுவுக்குக் கொண்டுவரப்பட்டது. நம் பால்மரமும் செம்பனையும் கடல் கடந்து வந்தவைதாம். அவற்றோடு நம் முன்னோரும் வந்தார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது இந்த எண்ணம் எனக்கு அடிக்கடி வந்தது.

உரிமம் கட்டாயம். மாநில மீன்வளத் துறை நாள் கணக்கில் வழங்குகிறது. தங்குமிடத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் வாங்குவதற்கு வழி செய்வார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மீன், எத்தனை சென்டிமீட்டருக்கு மேல் என்ற வரம்புகளை உரிமம் வாங்கும் இடத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆற்றின் மேற்பகுதி கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது; அது 2014 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம். அந்த எல்லைக்கு வெளியே, கீழ்ப்பகுதியிலேயே தூண்டில் போடுங்கள்.

வழி இதுதான்: கோலாலம்பூரிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் ஐந்தரை மணி நேரம், டெல்லியிலிருந்து மணாலி செல்லும் இரவுப் பேருந்தில் ஏறக்குறைய 12 மணி நேரம் பயணம் செய்து, ஔட் என்ற இடத்தில் சுரங்கப் பாதைக்கு முன்பாக இறங்க வேண்டும். இதை ஓட்டுநரிடம் இரவே சொல்லி வையுங்கள். அங்கிருந்து பஞ்சார் வழியாக குஷைனிக்கு வாடகை வண்டி கிடைக்கும். அப்பாவின் வயதை எண்ணி, டெல்லியில் ஓர் இரவு தங்கிவிட்டுப் புறப்படுவது நல்லது. இந்திய விசாவை இங்கிருந்தே இணையத்தில் எடுத்துவிட வேண்டும். ஹோலிப் பண்டிகையும் மார்ச்சில் வரக்கூடும். அந்த நாள்களில் பேருந்தில் இடம் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. தீர்த்தன் ஆறு லார்ஜி என்ற இடத்தில் பியாஸ் ஆற்றோடு சேர்கிறது. பியாசில் அந்த இடத்தில் மின்சார அணை இருக்கிறது. அதற்குக் கீழே தலோட்டில் 2014 ஜூன் 8ஆம் நாள், அணையிலிருந்து திடீரென்று திறந்துவிடப்பட்ட நீர் 24 கல்லூரி மாணவர்களை அடித்துச் சென்றது. நம் ஊரில் கெப்பாலா ஆயேர், அதாவது திடீர் ஆற்றுவெள்ளம், வருவதற்கு முன் நீர் கலங்கும், இலைதழை மிதந்து வரும், இரைச்சல் மாறும் என்று அப்பா அறிந்திருப்பார். அணை நீருக்கு அந்த முன்னறிவிப்புகூட இருக்காது. தீர்த்தனில் அத்தகைய அணை இல்லை என்பதே நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம். “பக்கத்தில்தானே” என்று பியாசுக்கோ சைஞ்சு ஆற்றுக்கோ இறங்கிவிடாதீர்கள்.

பதில்: மூங்கில் கோல், தாப்பா

ஈப்போ அண்ணன் சொன்னவற்றில் நேரத்தைப் பற்றிய கருத்து முழுக்கச் சரி. வாரத்தைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான்கு மாதத் தடைக்காலத்தில் யாரும் தூண்டில் போடாத மீன்கள் முதல் வாரத்தில் அச்சமின்றி இருக்கும். மார்ச் இறுதிக்குள் அதே குழியில் பலர் போட்டுப் பார்த்திருப்பார்கள், மீன் சந்தேகப்படக் கற்றுக்கொண்டிருக்கும். குளிரைத் தாங்கும் இளைஞராக இருந்தால் மார்ச் 2ஆம் நாளே அங்கு நிற்கச் சொல்வேன். 67 வயதில், அதுவும் ஒரே ஒரு பயணம் என்றால், அண்ணன் சொன்னதே சரியான முடிவு. மீனின் எண்ணிக்கைக்காக வெயிலை இழக்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது கருவியைப் பற்றி. பலரும் உங்களுக்கு ரீல் பொருத்திய கோலையும், சுழலும் தகடு கொண்ட செயற்கை இரையான ஸ்பின்னரையும் பரிந்துரைப்பார்கள். அதில் தவறில்லை: ஆறு ஏழு அடிக் கோல், 2 முதல் 3 கிலோ தாங்கும் நரம்பு, 3 முதல் 5 கிராம் எடையுள்ள சிறிய ஸ்பின்னர், அதில் மூன்று முள்ளுக்குப் பதில் ஒற்றை முள், அதன் நுனிக்குப் பின்னால் உள்ள எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். குளிர்ந்த நீரில் அதை மெதுவாக, தகடு சுற்றுவதற்குப் போதுமான வேகத்தில் மட்டும், அடியை ஒட்டி இழுக்க வேண்டும். பீகாக் பாஸ் மீனுக்கு இழுப்பதுபோல் வேகமாக இழுத்தால் டிரவுட் திரும்பியும் பார்க்காது.

ஆனால் வாழ்நாள் முழுவதும் ரீல் இல்லாத மூங்கில் கோலைப் பிடித்த கைக்கு, அதைவிட இயல்பான ஒன்று இருக்கிறது. ஜப்பானின் மலை ஓடைகளில் டிரவுட் இன மீன்களைப் பிடிக்க அங்குள்ளவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் தென்காரா என்னும் கோல் அது. ஏறக்குறைய 11, 12 அடி நீளம், ரீல் கிடையாது, நுனியில் நேராக நரம்பைக் கட்டி, அதன் முனையில் இறகும் நூலும் கொண்டு கட்டிய செயற்கைப் பூச்சியை மாட்டுவார்கள். மூங்கில் கோலின் தம்பி என்றே சொல்லலாம். அடுக்கடுக்காக உள்ளே இழுத்தால் அரை மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடுவதால் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம். தீர்த்தன் போன்ற பாறை ஓடையில் மீன் நிற்கும் இடம் பெரும்பாலும் நாம் நிற்கும் இடத்திலிருந்து ஐந்தாறு மீட்டருக்குள்தான். தொலைவாக வீச வேண்டிய தேவையே இல்லை. ஒரு பாறைக்குப் பின்னால் நீர் சுழன்று அமைதியாகும் இடம், வேக நீரும் மந்த நீரும் உரசும் கோடு, குழியின் தலைப்பகுதி ஆகிய இந்த மூன்றையும் அவர் கண்கள் தாமாகவே கண்டுபிடித்துவிடும். ஆறு எந்த நாட்டில் ஓடினாலும் ஆற்றின் இலக்கணம் ஒன்றுதான்.

இளவேனில் தொடக்கத்தில் பறக்கும் பூச்சிகள் குறைவு. மீன் உண்பது பெரும்பாலும் கற்களுக்கு அடியில் வாழும் இளம்பூச்சிகளை. ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் அவை ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். பார்த்தபின் கல்லை அப்படியே வைத்துவிடச் சொல்லுங்கள். ஆகவே மிதக்கும் பூச்சியைவிட, தலையில் சிறிய உலோக மணி வைத்து அமிழும் பூச்சியே இப்போது உதவும். 14ஆம் எண், 16ஆம் எண் அளவுகளில் பழுப்பும் கறுப்புமாகப் பத்துப் பதினைந்து போதும். பாறையில் சிக்கி ஐந்தாறு அறுந்துபோகும். அதற்கு மனம் வருந்த வேண்டாம்.

செம்பனைப் பழத்தைக் கொண்டு போகாதீர்கள். டிரவுட் அதைத் தொடாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: எந்த இரையாக இருந்தாலும் மீன் அதை விழுங்கிவிடுவதால் முள் தொண்டைக்குள் போய்விடும், பிறகு திருப்பி விட்டாலும் அது பிழைப்பது அரிது. செயற்கைப் பூச்சி பெரும்பாலும் உதட்டோரத்தில்தான் மாட்டும்.

புறப்படுவதற்கு முன் நான்கு வாரமாவது பழகுங்கள். உங்கள் ஊரைச் சுற்றிப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் இருக்கின்றன. வீசும் கையசைவை அங்கே பழகலாம். ஆனால் ஓடும் நீரில் பூச்சியை நீரின் வேகத்துக்கே விட்டு, நரம்பு இழுக்காமல் பார்த்துக்கொள்ளும் திறன் ஆற்றில்தான் வரும். பிளஸ் ஆற்றின் ஆழமில்லாத ஓரத்தில் பழகச் சொல்லுங்கள். லம்பாம் மீன் தொட்டாலும் போதும், நரம்பு நிற்கும் அந்த நொடி அவருக்குப் பிடிபட்டுவிடும்.

நீரின் பளபளப்பை நீக்கிக் காட்டும் போலராய்டு கண்ணாடி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். மீனைப் பார்ப்பதற்கு மட்டும் சொல்லவில்லை. கால் வைக்கும் கல்லைப் பார்ப்பதற்கும் அதுதான்.

பதில்: தோட்டத்து டிரெஸ்ஸர், பீடோர்

அம்மா, நான் 31 ஆண்டுகள் தோட்ட மருத்துவமனைகளில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். மீன் பிடிப்பது எனக்குத் தெரியாது. உங்கள் அப்பாவைப் போன்ற உடல்களைத் தெரியும். முப்பது பாகை வெப்பத்தில் வாழ்நாளெல்லாம் உழைத்த உடல் வலிமையானதுதான், ஆனால் குளிர் அதற்குப் பழக்கமில்லாதது.

குளிர் படும்போது தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கும்; அதனால் இரத்த அழுத்தம் ஏறும். மாத்திரை சாப்பிடுபவர் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே தம் மருத்துவரிடம், “ஐந்து பத்து பாகைக் குளிரில் பகல் முழுவதும் வெளியே இருக்கப் போகிறேன்” என்று வெளிப்படையாகச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மாத்திரைகளை இரட்டிப்பு நாள்களுக்கு எடுத்து, கையில் கொண்டுபோகும் பையில் மருத்துவரின் கடிதத்தோடு வையுங்கள். பயணக் காப்புறுதி எடுங்கள்.

நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துவிடும். 5 பாகை நீரில் வழுக்கி விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு தானாகவே திணறி இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் அந்த நிமிடத்தில்தான் நீரைக் குடித்துவிடுகிறார். ஆகவே என் கருத்து உறுதியானது: முழங்காலுக்கு மேல் இறங்கவே கூடாது; முடிந்தவரை கரையிலும் பாறையிலும் நின்று பிடிக்கட்டும். தாப்பா அன்பர் சொன்ன நீளக் கோல் அதற்கும் உதவும் என்று நினைக்கிறேன். இறங்கினால் நீர் புகாத உயரக் காலணியும், கையில் ஊன்றுகோலும், பக்கத்தில் ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

பருத்திச் சட்டைகளை இங்கேயே விட்டுவிடுங்கள். நனைந்த பருத்தி உடலைக் குளிர வைக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தாங்கும். ஒரே தடித்த கோட்டுக்குப் பதிலாக மூன்று மெல்லிய அடுக்குகள், காதை மூடும் தொப்பி, இரண்டு மாற்றுக் காலுறை, சுடுநீர்க் குடுவை. பேச்சு குழறினாலோ, கை நடுங்கி முடிச்சுப் போட முடியாமல் போனாலோ, “இன்னும் ஒரே ஒரு வீச்சு” என்று அவர் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த நிமிடமே உள்ளே அழைத்து வந்துவிடுங்கள். மகள் சொன்னால் கேட்பார். உள்ளூர் வழிகாட்டி சொன்னால் கேட்காமல் போகலாம்.

ஆற்றங்கரை மகள், சுங்கை சிப்புட்

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எல்லாப் பதில்களையும் நேற்று இரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பால்வெட்டு உவமையைக் கேட்டதும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். “அப்ப வெயில் ஏறுனதும் பிரட்டு” என்றார். தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டிப் பெயர் பார்ப்பதைப் பிரட்டு என்பார்கள். டிரெஸ்ஸர் ஐயா எழுதியதைக் கேட்டபோது ஒன்றும் பேசவில்லை, ஆனால் இன்று காலை தாமாகவே கிளினிக்குக்கு நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 20 முதல் 29 வரை என்று முடிவு செய்திருக்கிறோம். தென்காரா கோலையே வாங்கப் போகிறோம். அப்பா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். தடைக்காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் மீன் அப்போது முட்டையிடுகிறது என்று பொருள். அப்படியானால் மார்ச்சில் குஞ்சுகள் எங்கே இருக்கும், அவற்றை மிதித்துவிடாமல் எப்படி நடப்பது என்று கேட்கிறார்.

பதில்: கிந்தாக்காரன், ஈப்போ

தங்கை, இந்தக் கேள்வியை எத்தனையோ ஆண்டு தூண்டில் பிடித்த பலரும் கேட்டதில்லை. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பிரவுன் டிரவுட் குளிர்காலத் தொடக்கத்தில், ஆழமில்லாத, சீராக ஓடும் நீரில், பட்டாணியிலிருந்து கோழிமுட்டை அளவு வரையுள்ள கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். பெண் மீன் பக்கவாட்டில் படுத்து வாலால் அடித்துப் பள்ளம் பறித்து, முட்டையிட்டபின், நீர் வரும் பக்கத்திலுள்ள கற்களைத் தள்ளி அதை மூடிவிடும். 5 பாகை நீரில் முட்டை பொரியவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்; பொரிந்த குஞ்சும் வயிற்றோடு ஒட்டிய பையில் உள்ள மஞ்சள் கருவை உண்டுகொண்டு சில வாரங்கள் கற்களுக்கு அடியிலேயே இருக்கும். ஆகவே நீங்கள் போகும் நாள்களில் பல குஞ்சுகள் இன்னும் கல்லுக்குள்தான் இருக்கும். மேலே ஒரு கால் அழுத்தினால் போதும், அவை நசுங்கிவிடும்.

அடையாளம் இதுதான்: மற்றக் கற்கள் பாசி படிந்து கறுத்திருக்கும்போது, ஓரிடத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குக் கற்கள் கழுவி வைத்ததுபோல் வெளிறியிருக்கும், முன்னால் சிறு பள்ளமும் பின்னால் சிறு மேடும் தெரியும். சில மாதங்கள் கடந்துவிட்டால் அந்த நிற வேறுபாடு மங்கியிருக்கும்; பள்ளமும் மேடும்தான் துப்பு. குழியின் வால்பகுதியில், நீர் மெலிந்து வேகமெடுக்கும் இடத்தில், இவற்றை அதிகம் காணலாம். அங்கே கடக்க வேண்டியிருந்தால் பெரிய பாறைகளின் மேலோ கரை வழியாகவோ சுற்றிப் போங்கள். முழங்காலுக்கு மேல் இறங்காதவர் பெரும்பாலும் நடப்பது இந்த ஆழமில்லாத கூழாங்கல் பகுதியில்தான் என்பதால், டிரெஸ்ஸர் ஐயாவின் அறிவுரையைப் பின்பற்றும்போது இதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

பிடித்த மீனைத் திருப்பி விடுவதாக இருந்தால், தொடுவதற்கு முன் கையை நீரில் நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். நீருக்கு மேல் தூக்காமலே முள்ளை எடுத்துவிடலாம். படம் எடுக்க வேண்டுமானால் கருவியைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே மீனைத் தூக்குங்கள்.

முள்ளும் பூச்சியும் குறடும் விமானத்தில் கையில் எடுத்துச் செல்லும் பையில் இருக்கக் கூடாது. பெட்டியில் போட்டு அனுப்புங்கள். மாத்திரை மட்டும் கையில்.

ஆற்றங்கரை மகள், சுங்கை சிப்புட்

மிக்க நன்றி அண்ணே. முழுவதையும் அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். இன்று காலை டவுன் கடையில் ஒரு வெப்பமானி வாங்கிக்கொண்டு பிளஸ் ஆற்றுக்குப் போய் வந்தார். காலை எட்டு மணிக்கு 24 பாகை என்று பழைய நோட்டில் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டு வைத்திருக்கிறார். திரும்பி வந்ததும் தீர்த்தன் ஆற்றின் கணக்கையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.